ஜவுளி டிசைன் வேலைக்கு லினக்ஸ்: பென்டிரைவில் தொடங்கி தறி வரை முழுமையான வழிகாட்டி

ஜக்கார்டு கிராஃப் (பூவேலைக்காகத் தறியில் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று சொல்லும் கட்டப் படம்) போடுகிறவர்களுக்குத் திரையில் ஒரு புள்ளி என்பது தறியில் ஒரு இழை. 240 ஊக்கு (இழையைத் தூக்கும் கொக்கி) ஜக்கார்டுக்கான கிராஃப் 240 புள்ளி அகலம் இருக்கும். அதில் ஒரு புள்ளி தவறினால் தூக்க வேண்டிய இழை தூக்காது. புட்டா (துணியில் திரும்பத் திரும்ப வரும் சிறு பூ) வரும் இடத்திலெல்லாம் அந்தத் தவறும் வரும். எனவே டிசைன் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸைப் போடும்போது இன்ஸ்டால் முடிந்து திரை வந்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. போட்ட புள்ளி போட்டபடியே தறிக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் மீதிப் பாதி. பெரும்பாலான லினக்ஸ் வழிகாட்டிகள் முதல் பாதியோடு நின்றுவிடும். இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டிலிருந்தே கிராஃப் போட்டு சேலத்துக்கும் இளம்பிள்ளைக்கும் அனுப்புகிறவர்கள், பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குப் பிரின்ட் டிசைன் செய்து கொடுக்கிறவர்கள், பிளவுஸுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் தூக்கிப் போட அவசியமே இல்லை.

முதலில் மென்பொருள், பிறகுதான் லினக்ஸ்

எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் லினக்ஸை டவுன்லோடு செய்யாதீர்கள். நெசவு டிசைனில் லினக்ஸுக்கென்றே பல காலமாக வரும் மென்பொருள் அராவீவ். ஸ்லோவேனியா நாட்டின் அராக்னே நிறுவனம் உருவாக்கியது. பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை), நெசவுக் கட்டு (இழைகள் பின்னும் முறை), நூல் நிறம் எல்லாவற்றையும் கொடுத்தால் துணி எப்படி வரும் என்று திரையில் காட்டும், ஜக்கார்டுக்கான ஃபைலையும் எடுத்துக் கொடுக்கும். அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதே நிறுவனத்தின் அராபெயின்ட் இலவசம். கிராஃப் வரைவதற்கென்றே செய்யப்பட்டது என்பதால் ரிப்பீட்டை, அதாவது டிசைன் திரும்ப வருவதை, பார்த்துக்கொண்டே வரையலாம்.

பொதுவான படக் கருவிகளில் கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம், மூன்றும் லினக்ஸில் நன்றாக ஓடும். கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் வரைவது நான்கு பக்கமும் தானாகத் திரும்ப வரும். பிரின்ட் டிசைன்காரர்கள் இதற்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்கேப்போடு இங்க்ஸ்டிச் என்ற துணைக் கருவியைச் சேர்த்தால் எம்பிராய்டரி மெஷின் படிக்கும் டிஎஸ்டி, பிஇஎஸ் ஃபைல்கள் கிடைக்கும்.

விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை, அதுவும் யூஎஸ்பி டாங்கிள் (உரிமச் சாவி) செருகினால்தான் திறக்கும் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். ஒயின் என்ற துணை மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓட்டலாம் என்று பலர் சொல்வார்கள். மென்பொருள் திறந்தாலும் டாங்கிளை அது கண்டுகொள்ளாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. அப்படிப்பட்டவர்கள் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. விலை கொடுத்து வாங்கிய உரிமம் கம்ப்யூட்டரின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருந்தால், ஹார்டு டிஸ்க்கை அழிப்பதற்கு முன் விற்பனையாளரிடம் பேசி அந்த உரிமத்தை விடுவித்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பு அதிகம்.

எந்த லினக்ஸ்?

மென்பொருள் விற்பவர் ஒரு குறிப்பிட்ட லினக்ஸையும் பதிப்பையும் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். அப்போதுதான் பிரச்சினை வரும்போது அவர் பொறுப்பெடுப்பார். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் 22 வரிசை. இது உபுண்டு 24.04 என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டிசைன் வேலைக்கு இந்த நீண்ட ஆதரவு மிக முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியோடு மாறும் லினக்ஸில் இன்று ஓடும் நெசவு மென்பொருள் நாளை ஒரு லைப்ரரி இல்லை என்று நின்றுபோகலாம். இன்னொரு காரணமும் உண்டு. மின்ட் இன்னும் எக்ஸ் 11 என்ற பழைய திரை அமைப்பைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. பழைய டிசைன் மென்பொருள்களும் வரைபலகைகளும் அதில் தகராறு செய்வது குறைவு.

மின்ட்டில் மூன்று வகை உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன், 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. குறைந்தபட்சம் 2 ஜிபி போதும் என்று மின்ட் சொல்கிறது, ஆனால் பெரிய முந்தானை கிராஃபைத் திறந்து வைத்து வேலை செய்ய 4 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். ஹார்டு டிஸ்க் இன்னும் பழைய சுழலும் வகை என்றால், லினக்ஸ் போடும் சாக்கில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தானே. ஒரு பழைய கம்ப்யூட்டரில் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தரும் செலவு வேறு இல்லை.

தொடுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

டிசைன் ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுக்க எல்லோருக்கும் தோன்றும். மறந்துபோவது மற்றவைதான்: நூல் நிறங்களைப் பதிந்து வைத்த பேலட் ஃபைல்கள், நெசவுக் கட்டுகளின் தொகுப்பு, பழைய தமிழ் எழுத்துருக்கள், உரிம ஃபைல், பிரின்டரின் மாடல் எண். காப்பி எடுத்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து டிசைனைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

விண்டோஸை வைத்துக்கொள்கிறவர்களுக்கு மூன்று வேலை கூடுதலாக உண்டு. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அணையுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுதவும் முடியாது. கடைசியாக, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபியாவது காலி இடம் விடுங்கள். அந்த இடத்தைப் புதிய டிரைவாக மாற்ற வேண்டாம், ஒதுக்காமலேயே இருக்கட்டும்.

டவுன்லோடும் பென்டிரைவும்

மின்ட் ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் தினசரி டேட்டா அளவோடு மொபைலை நம்பி இருக்கிறவர்கள் டாரன்ட் வழியில் எடுத்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்ட் தளத்திலேயே டாரன்ட் ஃபைல் கிடைக்கும்.

இறங்கிய ஃபைல் முழுமையாக வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ பட்டியலில் எஸ்எச்ஏ-256 என்பதை அழுத்துங்கள். நீளமான ஓர் எண் வரும். மின்ட் தளத்தில் அந்தப் பதிப்புக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் மறுபடி டவுன்லோடு செய்யுங்கள். அரைகுறை ஃபைலில் போட்ட லினக்ஸ் பாதி இன்ஸ்டாலில் நின்று, காரணம் தெரியாமல் ஒரு நாளை விழுங்கிவிடும்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் பலேனா எட்சர் கொண்டு ஃபைலை எழுதுங்கள். வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூட் செய்து, நிறுவாமல் பார்ப்பது

பென்டிரைவைச் செருகி கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை இயக்கிவிட வேண்டும். மின்ட் மெனு வந்ததும் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள். திரை கறுப்பாகவே நின்றுவிட்டால், பெரும்பாலும் என்விடியா கார்டு உள்ள கம்ப்யூட்டர்களில்தான் இது நடக்கும், மறுபடி போட்டு கம்பாட்டிபிலிட்டி மோடு வரியில் போங்கள்.

இப்போது டிஸ்க்கில் எதையும் எழுதாமலே மின்ட் பென்டிரைவிலிருந்து ஓடும். இந்த நிலையில் அரை மணி நேரம் செலவிடுங்கள். வைஃபை வருகிறதா, மானிட்டர் முழு ரெசல்யூஷனில் நிற்கிறதா, பிரின்டரும் ஸ்கேனரும் தெரிகின்றனவா, வரைபலகையில் பேனாவை அழுத்தும் அளவுக்குக் கோடு தடிக்கிறதா என்று பாருங்கள். வாகாம் பலகைகள் பொதுவாகச் செருகியவுடன் வேலை செய்யும். ஹூயன், எக்ஸ்பி-பென் வகைகளுக்கு அந்தந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. ஏதாவது ஒன்று ஒத்துவரவில்லை என்றால் இப்போதே நிறுத்திவிடலாம், நஷ்டம் எதுவும் இல்லை.

டிஸ்க்கைப் பிரிப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் இடி மின்னல் அடிக்கும் சாயங்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸும் சேர்ந்து போகலாம்.

மின்ட் கேட்கும்போது "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதை அழுத்தினால் எல்லாவற்றையும் ஒரே பகுதியாகப் போட்டுவிடும். சாதாரண வேலைக்கு அது போதும். டிசைன் கம்ப்யூட்டருக்கு வேண்டாம். "சம்திங் எல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து நீங்களே பிரியுங்கள். லினக்ஸ் ஒரு பகுதியிலும் உங்கள் டிசைன்கள் தனியாக ஹோம் என்ற பகுதியிலும் இருந்தால், நாளைக்கு லினக்ஸை முழுதாக மாற்றிப் போட்டாலும் டிசைன்கள் அசையாது.

240 ஜிபி எஸ்எஸ்டி முழுவதும் லினக்ஸுக்கு என்றால் இப்படிப் பிரிக்கலாம்:

1. இஎஃப்ஐ சிஸ்டம் பகுதி, 512 எம்பி. விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் அதன் இஎஃப்ஐ பகுதியையே பயன்படுத்துங்கள். அதில் ஃபார்மேட் பெட்டியை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள், விண்டோஸ் திறக்காமல் போய்விடும்.
2. ரூட் பகுதி, 80 ஜிபி, எக்ஸ்ட்4 வகை, மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு. லினக்ஸுக்கு 40 ஜிபியே போதும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் டைம்ஷிஃப்ட் தன் நகல்களை இங்கேதான் வைக்கும்.
3. மீதி முழுவதும் ஹோம் பகுதி, எக்ஸ்ட்4 வகை, மவுன்ட் பாயின்ட் பட்டியலில் ஹோம்.

ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) தனிப் பகுதி தேவையில்லை, மின்ட் தானே ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளும்.

பட்டியலில் உங்கள் எஸ்எஸ்டியே தெரியவில்லையா? புதிய இன்டெல் லேப்டாப்களில் இது நடக்கும். பயாஸில் ஸ்டோரேஜ் ரெய்டு அல்லது விஎம்டி என்ற நிலையில் இருப்பதுதான் காரணம். ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸ் ஏற்கெனவே அதில் இருந்தால் வெறுமனே மாற்றியவுடன் அது பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய் வந்தால் சரியாகிவிடும்.

மற்ற கேள்விகள் எளிது. மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும் என்பேன். மென்பொருள் உதவிக்குப் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர் ஆங்கில மெனுப் பெயரைத்தான் சொல்வார். தமிழில் தட்டச்சு செய்ய அது தடையில்லை. மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்யுங்கள். செக்யூர் பூட் இயங்கும் கம்ப்யூட்டர் என்றால் அங்கே ஒரு கடவுச்சொல் கேட்கும், அதை எழுதி வையுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா. ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்யவா என்று கேட்டால், தனியாக வேலை செய்கிறவர்கள் வேண்டாம் என்று விடுவதே நல்லது. டிஸ்க் கெட்டுப்போனால் டிசைனை மீட்பது அப்புறம் மிகவும் கடினம்.

முதல் முறை திறந்தவுடன்

அப்டேட் மேனேஜரைத் திறந்து, மிரர் (அப்டேட் இறங்கும் சர்வர்) பட்டியலில் இந்தியாவில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லா அப்டேட்டையும் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து டிரைவர் மேனேஜர். என்விடியா கார்டு இருந்தால் "ரெக்கமண்டட்" என்று குறித்திருப்பதைப் போடுங்கள். செக்யூர் பூட் இருந்தால் இன்ஸ்டாலுக்குப் பிறகான முதல் பூட்டிலோ டிரைவர் போட்ட பிறகோ நீலத் திரை ஒன்று வரலாம். பயப்பட வேண்டாம், என்ரோல் எம்ஓகே என்பதை அழுத்தி, எழுதி வைத்த அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

இப்போது, டிசைன் மென்பொருள் எதையும் போடுவதற்கு முன், டைம்ஷிஃப்ட்டைத் திறந்து முதல் நகலை எடுங்கள். பின்னால் எந்த அப்டேட் எதைக் கெடுத்தாலும் சில நிமிடங்களில் இந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் லினக்ஸைத்தான் காப்பாற்றும். ஹோம் பகுதியில் உள்ள உங்கள் டிசைன்களை அது தொடாது. இதைத் தெரியாமல் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மென்பொருளை நிறுவுதல்

கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் மூன்றையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி ஒரே கிளிக்கில் போடலாம். ஃபிளாட்பேக், சிஸ்டம் பேக்கேஜ் என்று இரண்டு வகை காட்டும். ஃபிளாட்பேக் புதிய பதிப்பாக இருக்கும், ஆனால் அளவு பெரியது. டேட்டா குறைவாக உள்ளவர்கள் சிஸ்டம் பேக்கேஜையே போடுங்கள்.

நெசவு மென்பொருள் நிறுவனங்கள் தரும் ஃபைல் டெப் வகை என்றால் இரட்டைக் கிளிக் செய்தாலே நிறுவும் சன்னல் திறக்கும். ஆப்இமேஜ் வகை என்றால் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் போய் "புரோகிராமாக இயக்க அனுமதி" என்பதை டிக் செய்து அப்புறம் திறக்க வேண்டும். திறக்காமல் அடம்பிடித்தால் ஃப்யூஸ் 2 லைப்ரரி இல்லாமல் இருக்கலாம், சினாப்டிக் என்ற பேக்கேஜ் மேனேஜரில் தேடிப் போட்டுவிடுங்கள். டாங்கிள் உள்ள மென்பொருளுக்கு அதன் லினக்ஸ் டிரைவரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

திரையைத் தறிக்கு ஏற்றபடி அமைப்பது

டிஸ்பிளே அமைப்பில் மானிட்டரின் இயல்பான ரெசல்யூஷனையே வையுங்கள். 1920 × 1080 மானிட்டரை 1366 × 768-இல் ஓட்டினால் எழுத்து பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாகப் பரவி கிராஃபின் ஓரம் மங்கும். 125, 150 சதவீத ஸ்கேலிங்கும் அதே கெடுதலைச் செய்யும். 100 அல்லது 200 மட்டும் போதும். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் எழுத்தின் அளவை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு ஃபான்ட் அமைப்பில் வழி இருக்கிறது.

நைட் லைட் இருந்தால் அணையுங்கள். மாலையில் திரை மஞ்சளாகிவிட்டால் மாம்பழ மஞ்சளும் சந்தன நிறமும் ஒன்றாகத் தெரியும். கிராஃபில் நிறம் என்பது வெறும் அடையாளம்தான், சிவப்பு என்றால் ஜரிகை, பச்சை என்றால் புட்டா என்று நாம் வைத்துக்கொள்வது. ஆனால் துணி எப்படி வரும் என்று கடைக்காரருக்குக் காட்டும் படத்தில் நிறம் நிறமாகவே இருக்க வேண்டும். கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் டிஸ்பிளேகால் என்ற மென்பொருளோடு சேர்த்து மானிட்டரை அளந்து, கிடைக்கும் புரொஃபைலை கலர் அமைப்பில் சேர்த்துவிடுங்கள். அப்படியே செய்தாலும் நூலின் கடைசி முடிவைப் பகல் வெளிச்சத்தில் ஷேடு கார்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கிம்ப்பில் கிராஃப் போட அமைப்பது

தனி நெசவு மென்பொருள் வாங்க இப்போது வசதி இல்லாதவர்கள் கிம்ப்பிலேயே தொடங்கலாம். கீழே உள்ளதைச் செய்யாமல் தொடங்கினால்தான் அது கிராஃபுக்கு லாயக்கில்லாத கருவியாகத் தோன்றும்.

ஓர் உதாரணம். பாவு இன்ச்சுக்கு 96 இழை, ஊடை இன்ச்சுக்கு 64, ஜக்கார்டு 240 ஊக்கு, ஊக்குக்கு ஓர் இழை. புதிய படத்தின் அகலம் 240, உயரம் 320 என்று வையுங்கள். துணியில் இது இரண்டரை இன்ச் அகலமும் 5 இன்ச் உயரமும் வரும். ஆனால் திரையில் அந்த அளவு விகிதத்தில் தெரியாது, ஏனென்றால் கிம்ப் ஒவ்வொரு புள்ளியையும் சதுரமாகக் காட்டும். இமேஜ் மெனுவில் பிரின்ட் சைஸைத் திறந்து, இரண்டு எண்களையும் பூட்டி வைத்திருக்கும் சங்கிலிப் படத்தைத் தட்டி விடுவித்து, எக்ஸ் 96, ஒய் 64 என்று கொடுங்கள். அப்புறம் வியூ மெனுவில் "டாட் ஃபார் டாட்" டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது திரையில் வட்டமாகத் தெரிவது துணியிலும் வட்டமாகவே வரும். ஊக்குக்கு 2 இழை கட்டியிருந்தால் 96-க்குப் பதில் 48 என்று கொடுக்க வேண்டும். மயில் ஏன் குட்டையாகிவிட்டது, மாங்காய் ஏன் நீண்டுவிட்டது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த ஒரு அமைப்பில் இருக்கிறது.

அடுத்தது இன்டெக்ஸ்டு மோடு. இமேஜ், மோடு, இன்டெக்ஸ்டு என்று போய் எத்தனை நிறம் வேண்டுமோ அத்தனை மட்டும் கொடுத்து, டிதரிங்கை (நிறங்களைப் புள்ளிகளாகக் கலப்பது) "நன்" என்று வையுங்கள். இனி அந்தப் படத்தில் நீங்கள் அனுமதித்த நிறங்களைத் தவிர வேறு நிறம் நுழைய முடியாது. காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்த படம் என்றால், ஆர்ஜிபி நிலையில் இருக்கும்போதே ஊக்கு அளவுக்குச் சுருக்கிவிட்டு அப்புறம் இன்டெக்ஸ்டுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஓரங்களைப் பென்சில் கருவியால் கையால்தான் சீர்செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் நல்ல டிசைனரையும் சாதாரண டிசைனரையும் பிரித்துக் காட்டுவதும் அந்த வேலைதான். அதன் பிறகு அளவு மாற்ற நேர்ந்தால் இன்டர்பொலேஷன் "நன்" என்றே இருக்கட்டும்.

இமேஜ் மெனுவின் கன்ஃபிகர் கிரிட்டில் 8 × 8 என்று கொடுத்து, வியூ மெனுவில் கிரிட்டைக் காட்டச் சொன்னால் கிராஃப் தாளில் பார்த்துப் பழகிய கட்டங்கள் வந்துவிடும். ரிப்பீட் சரியாகச் சேருகிறதா என்று பார்க்க லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட் போய்ப் பாதி அளவுக்கு நகர்த்துங்கள். நான்கு ஓரங்களும் நடுவில் வந்து நிற்கும், இடைவெளியோ உடைந்த கொடியோ இருந்தால் உடனே கண்ணில் படும். பாவில் கட்டுப்படாமல் நீளமாகத் தொங்கும் ஊடை மிதப்பை மட்டும் கிம்ப் சொல்லித் தராது. அதை நெசவு மென்பொருளில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கண்ணால் எண்ண வேண்டும்.

வேலை செய்யும் ஃபைலை கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில் வைத்துக்கொண்டு, வெளியே அனுப்புவதை மட்டும் பிஎம்பி, பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக் ஒருபோதும் வேண்டாம். இடத்தைக் குறைக்க அது புள்ளிகளின் நிறத்தையே மாற்றிவிடும், மூன்று நிறக் கிராஃப் முந்நூறு நிறமாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதிதான், அளவையும் குறைத்துவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். இளம்பிள்ளைக்கு அனுப்பிய கிராஃப் அங்கே கலங்கித் தெரிகிறது என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து தறிக்கு

எலக்ட்ரானிக் ஜக்கார்டுகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஃபைல் வடிவம். ஸ்டாப்லிக்கு ஜேசி5, போனாஸுக்கு ஈபி. இவற்றை நெசவு மென்பொருள்தான் எடுத்துத் தரும். சில சிறிய கன்ட்ரோலர்கள் வெறும் கறுப்பு வெள்ளை பிஎம்பி கேட்கும். கிம்ப்பில் இன்டெக்ஸ்டு மோடில் ஒரு பிட் பேலட்டைத் தேர்ந்தெடுத்து பிஎம்பியாக எக்ஸ்போர்ட் செய்தால் அது கிடைத்துவிடும்.

பென்டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்யுங்கள். மின்ட் மெனுவில் யூஎஸ்பி ஸ்டிக் ஃபார்மேட்டர் என்றே ஒன்று இருக்கிறது. ஃபைல் பெயர் குட்டையாக, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். லினக்ஸ் தமிழ்ப் பெயரையும் ஏற்கும், தறி ஏற்காது. லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் உருவாகிவிடும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பென்டிரைவைப் பிடுங்குவதற்கு முன் இஜெக்ட் கட்டாயம். காப்பி முடிந்துவிட்டது என்று லினக்ஸ் காட்டினாலும் தரவு இன்னும் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கலாம். இஜெக்ட் அழுத்தி, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகு எடுங்கள். பாதி எழுதப்பட்ட ஃபைல் தறியில் திறந்து ஓடி, முந்தானையின் நடுவில்தான் தன் குறையைக் காட்டும்.

கிராஃபைத் தாளில் எடுத்து அட்டை குத்தக் கொடுக்கிறவர்கள் பிரின்ட் சன்னலில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் எடுங்கள். இல்லையென்றால் கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறும், அட்டை குத்துகிறவர் எண்ணும்போது தடுமாறுவார்.

தமிழ்த் தட்டச்சு

ஐபஸ் எம்17என் என்ற பேக்கேஜை சினாப்டிக்கில் போட்டு, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் வரிசையில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். பழைய குறியீட்டு எழுத்துருவில் எழுதி வைத்த குறிப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவை ஹோம் ஃபோல்டரில் நிறுவினால் படிக்க முடியும்.

வேலை ஓடத் தொடங்கிய பிறகு

மின்ட்டில் பேக்கப் டூல் என்று ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஹோம் ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுக்க அது போதும். அந்த டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள், கடையில் மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

பாதுகாப்பு அப்டேட்டுகளைப் போட்டுக்கொண்டே இருங்கள். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டை மட்டும், டாங்கிளோ என்விடியா கார்டோ இருந்தால், ஆர்டர் இல்லாத நாளில் டைம்ஷிஃப்ட் நகல் எடுத்துவிட்டுப் போடுங்கள். ஏதாவது நின்றுபோனால் பூட் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடரலாம். அடுத்த பெரிய பதிப்புக்குப் போக 2029 ஏப்ரல் வரை அவகாசம் இருக்கிறது. தீபாவளி, பொங்கல் ஆர்டர்கள் நெருக்கும் மாதங்களில் அதைத் தொடாமல், பொங்கல் முடிந்து தறிக்காரர்களே மூச்சு விடும் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.